செய்திச் சுமையும் கம்பியின் வேகமும்: அலகு மாற்றும் முறை

தொலைத்தொடர்பு வழியே அனுப்பப்படும் செய்தியின் அளவைக் குறிக்கவும், அச்செய்தி செல்லும் வேகத்தைக் குறிக்கவும் இன்று வழங்கிவரும் அலகுகள் ஒன்றல்ல, பல. கம்பி வசதியை அளிக்கும் நிறுவனங்கள் வேகத்தை மெகாபிட் கணக்கில் கூறுகின்றன. கணிப்பொறியோ தன்னிடமுள்ள கோப்புகளின் அளவை மெகாபைட் கணக்கில் காட்டுகிறது. இவ்விரண்டும் ஒன்றே என எண்ணித் திட்டம் வகுப்போர், பத்து நிமிஷத்தில் முடியுமென எதிர்பார்த்த வேலை ஒரு மணி இருபது நிமிஷம் நீள்வதைக் காண்பர். வெள்ளச் சேதப் படங்களை மாலைக்குள் தலைமை அலுவலகத்திற்கு அனுப்ப வேண்டிய கள ஊழியருக்கு இது சிறிய வித்தியாசமன்று. பள்ளிக்கூடத்திற்கு எத்தனை வேகமுள்ள இணைப்பு வேண்டுமென எழுதிக் கேட்கும் தலைமையாசிரியரும், அலகை மாற்றி எழுதிவிட்டால், தேவைக்கு எட்டில் ஒரு பங்கையே பெறுவார். அல்லது எட்டு மடங்குக்குப் பொதுப் பணத்தைச் செலவிட நேரும்.

செய்தியின் மிகச் சிறிய கூறு பிட் எனப்படும். ஆம், இல்லை என்ற இரண்டில் ஒன்றை மட்டும் அது உணர்த்தும். 1948-ஆம் ஆண்டில் கிளாட் ஷானன் என்னும் அமெரிக்க அறிஞர் வெளியிட்ட ஆராய்ச்சிக் கட்டுரையில் இச்சொல் இடம்பெற்றது. அதனை ஆக்கியவர் ஜான் டூக்கி என ஷானனே குறிப்பிட்டார். பைட் என்பது பின்னர் வந்த சொல். 1956-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய வெர்னர் புக்ஹோல்ட்ஸ் அதனை வழக்கிற்குக் கொண்டுவந்தார். தொடக்கத்தில் ஒரு பைட்டில் எத்தனை பிட் என்பது இயந்திரத்திற்கு இயந்திரம் வேறுபட்டது. எட்டு என்னும் எண் பிற்காலத்தில்தான் நிலைபெற்றது. இக்காரணம் பற்றியே சர்வதேசத் தொலைத்தொடர்பு ஆவணங்கள் பைட் என்று எழுதாமல், எட்டின் தொகுதி எனப் பொருள்படும் ஆக்டெட் என்ற சொல்லை இன்றும் ஆள்கின்றன. கள ஊழியர் இரண்டையும் ஒன்றெனவே கொள்ளலாம்.

கம்பியில் பிட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்வதால், செல்லும் வேகத்தைப் பிட்டில் கூறுவது இயல்பாயிற்று. கணிப்பொறியின் நினைவகத்தில் எழுத்துகள் எட்டு எட்டுப் பிட்டுகளாகத் தங்குவதால், சேமித்த அளவைப் பைட்டில் கூறுவது வழக்கமாயிற்று. இந்திய அரசு வேகத்திற்கு விதித்த வரம்புகள் யாவும் பிட் கணக்கினவே. அகலப்பட்டை இணைப்பு என்னும் பெயருக்கு உரிய குறைந்தபட்ச வேகம் 2004-ஆம் ஆண்டுக் கொள்கையில் வினாடிக்கு 256 கிலோபிட் என வகுக்கப்பட்டது. 2013-இல் அது 512 கிலோபிட்டாகவும், 2023-இல் 2 மெகாபிட்டாகவும் உயர்த்தப்பட்டது. கிராமப் பஞ்சாயத்துகளைக் கண்ணாடி இழைக் கம்பியால் இணைக்க 2011-இல் அனுமதிக்கப்பெற்று, பின்னர் பாரத்நெட் எனப் பெயர் பெற்ற திட்டத்தில் ஒவ்வொரு பஞ்சாயத்துக்கும் குறிக்கப்பட்ட 100 மெகாபிட் என்னும் வேகமும் அவ்வாறே.

ஆங்கிலத்தில் பிட்டைச் சிறிய எழுத்தாலும் பைட்டைப் பெரிய எழுத்தாலும் சுருக்கிக் காட்டுவர். அவசரத்தில் எழுதுவோர் இதனை அவர்களுக்குள்ளேயே மறந்துவிடுகின்றனர். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பாகுபாடே இல்லை. ஆகவே எம்.பி. என்று சுருக்கினால் அது மெகாபிட்டா, மெகாபைட்டா, பாராளுமன்ற உறுப்பினரா என்பது வாசிப்பவரின் ஊகத்திற்கு விடப்படும். வினாடிக்கு இத்தனை மெகாபிட் என்பதை ஆங்கிலச் சுருக்கத்தின் ஒலிப்படி எழுதப்புகுந்தாலோ எம்.பி.பி.எஸ். என்று வைத்தியப் பட்டமாகவே முடிகிறது. தமிழில் எழுதும் அறிக்கைகளிலும் விண்ணப்பங்களிலும் பிட், பைட் என்னும் சொற்களை முழுமையாக எழுதுவதே பாதுகாப்பானது.

அடுத்து, கிலோ, மெகா, ஜிகா என்னும் முன்னொட்டுகள். தொலைத்தொடர்பில் இவை பத்தின் அடுக்குகளையே குறிக்கும். கிலோ என்பது ஆயிரம். மெகா என்பது பத்து லட்சம். ஜிகா என்பது நூறு கோடி. டெரா என்பது லட்சம் கோடி. இதில் விலக்கு இல்லை. கணிப்பொறித் துறையில் மட்டும், பத்து இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்க 1,024 வருவதாலும், அது ஆயிரத்துக்கு அருகில் இருப்பதாலும், அதனையே கிலோ என அழைக்கும் பழக்கம் ஏற்பட்டது. கிலோ அளவில் வித்தியாசம் நூற்றுக்கு 2.4 பங்குதான். ஆனால் அடுக்கு ஏற ஏற அது வளர்கிறது: மெகாவில் 4.9, ஜிகாவில் 7.4, டெராவில் ஏறக்குறைய 10. ஒரு டெராபைட் கொள்ளளவுள்ள தட்டை வாங்கியவர், சில கணிப்பொறிகளின் திரையில் 931 ஜிகாபைட் என்று கண்டு, விற்றவர் ஏமாற்றிவிட்டதாக எண்ணுவதுண்டு. ஏமாற்று எதுவுமில்லை. விற்றவர் ஆயிரத்தால் பெருக்கினார்; இயந்திரம் 1,024-ஆல் வகுத்தது.

இத்தகைய குழப்பம் இந்தியாவுக்குப் புதிதன்று. 1957-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதிக்கு முன் ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா, அதாவது 64 பைசா. அன்று முதல் ரூபாய்க்கு நூறு. பழைய பைசாவும் புதிய பைசாவும் ஒரே சமயத்தில் கைமாறிய அக்காலத்தில், புதியதற்கு நயா பைசா என்று தனிப் பெயர் இட்டதால் கணக்குத் தவறாமல் நின்றது. பழைய நாணயம் வழக்கொழிந்த பிறகு, 1964-இல், நயா என்னும் அடைமொழி நீக்கப்பட்டது. அதே உபாயத்தைச் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1998-ஆம் ஆண்டில் கையாண்டு, 1,024-இன் அடுக்குகளுக்குக் கிபி, மெபி, ஜிபி எனப் புதிய பெயர்களை வகுத்தது. நயா பைசாவுக்குக் கிட்டிய அதிர்ஷ்டம் இப்பெயர்களுக்குக் கிட்டவில்லை. பெரும்பாலோர் பழைய பெயரையே ஆள்கின்றனர். தமிழில் எழுதும்போது ஜிபி என்பது ஜிகாபைட்டின் சுருக்கமாகிய ஜி.பி.யோடு மயங்குவதால், 1,024 கணக்கு என்று வெளிப்படையாகக் கூறுவதே மேல்.

இரண்டு கணக்கும் கலந்த விநோதமும் உண்டு. முன்னர் பள்ளிக் கணிப்பொறிகளில் வழங்கிய மூன்றரை அங்குல நெகிழ்தட்டின் மேல் 1.44 மெகாபைட் என்று அச்சிட்டிருந்தனர். அதன் உண்மைக் கொள்ளளவு 14,74,560 பைட். இது ஆயிரம் கணக்கில் 1.47 மெகாபைட், 1,024 கணக்கில் 1.41 மெகாபைட். 14,74,560-ஐ 1,024-ஆல் வகுத்து, வந்ததை ஆயிரத்தால் வகுத்தால் மட்டுமே 1.44 கிடைக்கும். மேல் வகுப்பு மாணவர்களுக்கு இது நல்ல கணக்கு.

இதுவரை கூறியது பெருக்கலும் வகுத்தலும் மட்டுமே. இனிக் கூறப்படுவது சற்று ஆழ்ந்து நோக்க வேண்டியது. நெல் மண்டியில் மூட்டையை எடை போடுவோர், சாக்கின் எடையைக் கழித்தே நெல்லுக்கு விலை பேசுவர். தொலைத்தொடர்பிலும் சாக்கு உண்டு. செய்தி எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, யாருக்குச் செல்ல வேண்டும், வழியில் பழுதுற்றதா என்பவற்றை உணர்த்தும் குறிகளும் அதே கம்பியில், அதே வேகத்திற்குள் செல்கின்றன. அவற்றைக் கழித்தபின் எஞ்சுவதே பயன்சுமை. நிறுவனங்கள் கூறும் வேகம் பெரும்பாலும் மொத்த எடை; கள ஊழியர் வேண்டுவது நிகர எடை.

இந்தியத் தொலைபேசி நிலையங்களைப் பல ஆண்டுகள் இணைத்துவந்த முப்பது பேச்சுவழி அமைப்பை உதாரணமாகக் கொள்ளலாம். பேச்சொலியைத் துண்டு துண்டாக அளந்து எண்களாக அனுப்பும் முறைக்கு 1938-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் பணியாற்றிய ஆங்கிலப் பொறியாளர் அலெக் ரீவ்ஸ் உரிமை பெற்றார். அம்முறைப்படி ஒலி வினாடிக்கு 8,000 முறை அளக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவும் 8 பிட்டில் எழுதப்படுகிறது. ஆகவே ஒரு பேச்சுக்கு வினாடிக்கு 64,000 பிட், அதாவது 64 கிலோபிட் தேவை. முப்பத்திரண்டு பேச்சுகளுக்கு வேண்டிய இடத்தை ஒரே கம்பியில் வரிசைப்படுத்தினால், 32-ஐ 64-ஆல் பெருக்க 2,048 கிலோபிட் ஆகும். ஈ-1 எனப்படும் இணைப்பு இதுவே. ஆனால் முப்பத்திரண்டு இடங்களில் ஒன்று இரு முனைகளும் ஒத்தியங்குவதற்கும், மற்றொன்று மணியடித்தல், எண் சுழற்றல் முதலிய சைகைகளுக்கும் ஒதுக்கப்படுவதால், பேச்சுக்கு எஞ்சுவது முப்பதே. அதன் பயன்சுமை 1,920 கிலோபிட். சைகைக்குரிய இடத்தையும் தரவுக்கே பயன்படுத்தினால் 1,984 கிலோபிட். ஆக, ஒரே கம்பிக்கு மூன்று எண்கள், மூன்றும் மெய். எதைப் பற்றிய எண் என்று கேட்காமல் அதனை வைத்துக் கணக்கிடலாகாது.

இங்கே ஒரு மயக்கத்தைத் தவிர்க்க வேண்டும். 2,048 என்பது 1,024-இன் இரு மடங்காக இருப்பதைக் கண்டு, தொலைத்தொடர்பிலும் மெகா என்பது 1,024 கணக்கே எனச் சில பயிற்சிக் குறிப்புகள் கூறுகின்றன. அது சரியன்று. இவ்வெண் 32 இடங்களையும் 64 கிலோபிட்டையும் பெருக்கியதால் வந்தது. இதிலுள்ள கிலோ கலப்பற்ற ஆயிரம். அந்த வேகம் வினாடிக்கு 20,48,000 பிட். அமெரிக்காவில் வழங்கிய டி-1 இணைப்பில் 24 பேச்சுகளே உண்டு. அங்கே ஒத்தியக்கத்திற்கு ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு பிட் கூடுவதால் மொத்த வேகம் 1,544 கிலோபிட், பயன்சுமை 1,536. 1,544 என்னும் எண்ணில் 1,024-இன் சாயல் எதுவும் இல்லை.

கண்ணாடி இழைக் கம்பிக்கு வகுக்கப்பட்ட எஸ்.டி.எம்.-1 என்னும் இணைப்பும் இதே 64 கிலோபிட்டை அடிக்கல்லாகக் கொண்டது. 9 வரிசையும் 270 பத்தியும் கொண்ட ஒரு கட்டத்தைக் கற்பனை செய்துகொள்ளலாம். ஒவ்வோர் அறையிலும் ஒரு பைட். அக்கட்டம் முழுவதும் வினாடிக்கு 8,000 முறை அனுப்பப்படுகிறது. ஆகவே ஓர் அறை என்பது ஒரு பேச்சுவழிக்குச் சமம். 2,430 அறைகளை 64 கிலோபிட்டால் பெருக்க, வினாடிக்கு 155.52 மெகாபிட் ஆகும். இவற்றுள் முதல் ஒன்பது பத்திகள் கம்பியைப் பராமரிக்கும் குறிகளுக்கும், மற்றொரு பத்தி வழியைக் கண்காணிக்கும் குறிகளுக்கும் சென்றுவிடுகின்றன. எஞ்சிய 260 பத்திகளின் பயன்சுமை 149.76 மெகாபிட். ஆயினும் அதனுள் ஈ-1 இணைப்புகளை ஏற்றினால் அறுபத்து மூன்றுதான் அடங்கும். அவற்றின் வழியே 1,890 பேச்சுகள் செல்லும். பேச்சுக்கு மட்டும் பயன்பட்ட வேகம் 120.96 மெகாபிட். மூட்டைக்குள் மூட்டை வைத்துக் கட்டியதால், மொத்தத்தில் நூற்றுக்கு 78 பங்கே நெல்லாயிற்று.

இணையத்தில் செய்தி தொடர்ச்சியாகச் செல்வதில்லை. பொட்டலங்களாகக் கட்டப்பட்டுச் செல்கிறது. அலுவலகங்களில் வழங்கும் ஈதர்நெட் கம்பியில் ஒரு பொட்டலத்திற்குள் 1,500 பைட் வரை வைக்கலாம். பொட்டலத்தின் முன்னும் பின்னும் வரும் குறிகளும், இரண்டு பொட்டலங்களுக்கிடையே கட்டாயமாக விடப்படும் இடைவெளியும் சேர்ந்து 38 பைட். உள்ளிருக்கும் 1,500-இலும் அனுப்புவோர், பெறுவோர் முகவரிகளும் வரிசை எண்ணும் குறைந்தது 40 பைட் கொள்ளும். எனவே 1,538 பைட்டுக்குரிய நேரத்தில் 1,460 பைட்டே உண்மைச் செய்தி. இது நூற்றுக்கு 94.9 பங்கு. 100 மெகாபிட் கம்பியில் மிகச் சிறந்த நிலையிலும் கோப்பு 94.9 மெகாபிட் வேகத்திற்கு மேல் செல்லாது. எட்டால் வகுக்க, வினாடிக்கு 11.87 மெகாபைட். பழைய செப்புக் கம்பியில் வந்த ஏ.டி.எஸ்.எல். இணைப்புகள் பலவற்றில், 48 பைட் செய்திக்கு 5 பைட் தலைக்குறி சேர்த்து 53 பைட் அறைகளாக அனுப்பும் முறை கையாளப்பட்டதால், இதற்கும் மேல் ஒரு கழிவு இருந்தது. 48 என்ற அந்த எண்ணும் விஞ்ஞானத்தால் வந்ததன்று. ஐரோப்பியர் 32 வேண்டுமென்றனர், அமெரிக்கர் 64 வேண்டுமென்றனர், நடுவில் உடன்பட்டனர்.

பெரிய கோப்புகளில் சாக்கின் எடை அற்பமாகத் தோன்றும். சிறிய செய்திகளிலோ சாக்கே பெரிதாகிவிடும். வினாடிக்கு 64 கிலோபிட் பேச்சை இணையவழியே அனுப்பும்போது, இருபது மில்லிவினாடிப் பேச்சு 160 பைட்டாக ஒரு பொட்டலத்தில் ஏறுகிறது. அதற்கு முகவரிக் குறிகள் 40 பைட். ஈதர்நெட் கழிவு 38 பைட். ஆக 238 பைட். வினாடிக்கு ஐம்பது பொட்டலங்கள் வீதம் 95.2 கிலோபிட் தேவைப்படுகிறது. அதே பேச்சு, அதே தரம். கம்பியில் வேண்டும் இடம் மட்டும் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு.

மழைமானி, நதிநீர் மட்டமானி போன்ற தானியங்கிக் கருவிகளைப் பராமரிக்கும் ஊழியர் இதனை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். ஒரு முறை அளந்த அளவு 10 பைட்டில் அடங்கும் எனக் கொள்வோமாயின், அதனைத் தனியாக அனுப்பும்போது மிகச் சுருங்கிய முகவரிக் குறிகளே 28 பைட் ஆகும். ஈதர்நெட் 46 பைட்டுக்குக் குறைந்த உள்ளடக்கத்தை ஏற்பதில்லை என்பதால் வெற்றிடம் நிரப்பப்படுகிறது. அதன் குறிகளும் சேர்ந்து மொத்தம் 84 பைட். மணிக்கொரு முறை அனுப்பினால் நாளொன்றுக்கு 2,016 பைட். இருபத்து நான்கு அளவுகளையும் ஒரே பொட்டலத்தில் கட்டினால் 306 பைட்டே போதும். சிக்கனத்தை மட்டும் கருதினால் சேர்த்து அனுப்புவதே முறையெனத் தோன்றும். வேளாண்மைப் புள்ளிவிவரத்திற்கு அது பொருந்தும். நதியில் நீர் ஏறும் இரவில் அது பொருந்தாது. நள்ளிரவில் அளந்த மட்டம் மறுநாள் இரவு வந்து சேருமாயின் அச்செய்தியால் கீழ்க்கரையில் வாழ்வோருக்குப் பயனில்லை. பயன்சுமையின் விகிதம் தாழ்ந்திருப்பது எப்போதும் குறையன்று. உடனே சேர வேண்டும் என்பதற்காகக் கொடுக்கும் விலையாகவும் அது இருக்கலாம்.

கணக்கிடும் வரிசையை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். ஒவ்வொன்றும் 3 மெகாபைட் உள்ள 40 நிழற்படங்களை, வினாடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் அனுப்ப வேண்டியிருக்கிறது. மொத்தம் 120 மெகாபைட். எட்டால் பெருக்க 960 மெகாபிட். இரண்டால் வகுக்க 480 வினாடி. பொட்டலக் கழிவுக்காக 0.949-ஆல் வகுக்க 506 வினாடி, அதாவது எட்டரை நிமிஷத்துக்குச் சற்றுக் குறைவு. கணிப்பொறி 1,024 கணக்கில் அளவைக் காட்டியிருந்தால் ஏறக்குறைய 530 வினாடி. பிட்டையும் பைட்டையும் ஒன்றாகக் கருதியவரோ 60 வினாடியில் முடியுமென எதிர்பார்த்து, கம்பி பழுதென்று புகார் எழுதுவார்.

இத்தனை நுட்பம் வேண்டாதபோது ஒரு சுலபமான வழி உண்டு. மெகாபிட்டில் கூறிய வேகத்தை எட்டால் வகுக்காமல் பத்தால் வகுத்துவிட்டால், வினாடிக்கு எத்தனை மெகாபைட் என்பது கிடைக்கும். கழிவும், 1,024 கணக்கின் வித்தியாசமும் பெரும்பாலும் அதனுள் அடங்கிவிடும். மேற்கண்ட படங்களுக்கு இம்முறைப்படி 600 வினாடி, அதாவது பத்து நிமிஷம் வரும். பத்து நிமிஷம் என்று சொல்லி ஒன்பதில் முடிப்பது கள வேலையில் நல்லதே. ஆனால் இது நிழற்படம், பாடப் படக்காட்சி போன்ற பெரிய கோப்புகளுக்கு மட்டுமே; மழைமானிக்கும் பேச்சுக்கும் ஆகாது. தவிர, பெறும் வேகமும் அனுப்பும் வேகமும் பல இணைப்புகளில் வேறுபடும். விளம்பரத்தில் பெரிதாக அச்சிடப்படுவது பெறும் வேகம். படங்களை அனுப்பும் ஊழியர் மற்றதைக் கேட்டறிய வேண்டும்.

வகுப்பறையில் செய்து காட்டவும் இதில் இடமுண்டு. கைத்தொலைபேசித் திட்டங்கள் பலவற்றில் நாளொன்றுக்கு 1.5 ஜிகாபைட் போன்றதோர் அளவு வழங்கப்படுகிறது. வினாடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் அது எத்தனை நேரத்தில் தீரும் என மாணவர்கள் கணக்கிடலாம். ஆயிரம் கணக்கில் 6,000 வினாடி, அதாவது ஒரு மணி நாற்பது நிமிஷம். 1,024 கணக்கில் ஏழு நிமிஷம் கூடும். அளவு தீர்ந்தபின் சில திட்டங்களில் வேகம் 64 கிலோபிட்டாகக் குறைக்கப்படுகிறது. பழைய தொலைபேசியில் ஒரு பேச்சுக்கு ஒதுக்கிய அதே வேகம். அவ்வேகத்தில் ஒரு மெகாபைட் பாடப்பக்கம் வந்து சேர, கழிவைச் சேர்க்காமலே, 125 வினாடி ஆகும். ஒரு கடிகாரமும் அளவு தெரிந்த ஒரு கோப்பும் இருந்தால் மாணவர்களே இதனைச் சரிபார்க்கலாம். கணக்குக்கும் கடிகாரத்துக்கும் இடையே வரும் வித்தியாசத்தைச் சாக்கின் எடை என்று அவர்களுக்குக் காட்டலாம்.